மூன்றாம் நகல்

ரசல் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில்
ஒரு பலகை, ஒரு ரெமிங்டன், நான்.
பக்கத்துக்கு மூன்றணா, கார்பன் நகலுக்கு அரையணா.
வாடகை பாக்கி, வாரிசுச் சான்று, பென்ஷன் மனு:
தண்டில் அழுதவர்களின் ஆங்கிலமெல்லாம்
என் விரல் வழியாகத்தான் போயிற்று.

ஒரு டிசம்பர் காலை, பனி விலகாத எட்டரைக்கு,
இரவு டியூட்டி முடிந்த கையோடு வந்தாள்
ஸ்டாஃப் நர்ஸ் தேவகிருபை.
வெள்ளைச் சேலைமேல் யாருடையதோ ஆண்பிள்ளைக் கோட்டு.
உட்காரச் சொன்னேன்.
"பழக்கமில்லை" என்றாள்.

மகா கனம் பொருந்திய ஐயா அவர்கள் சமூகத்துக்கு
என்று வழக்கம்போல் தொடங்கினேன்.
"அதெல்லாம் வேண்டாம். கட்டம் போடுங்கள்."

போட்டேன்.
கட்டில் நாற்பத்தெட்டு. தரையில் பாய் பத்தொன்பது.
இரவுக்கு நர்ஸ் ஒருத்தி. வேலை பன்னிரண்டு மணி நேரம்.
அவள் உட்கார நாற்காலி, பூஜ்யம்.
"பூஜ்யத்தைக் கொஞ்சம் அழுத்தி அடியுங்கள்."
அழுத்தினேன்.
மூன்று தாளையும் துளைத்துக்கொண்டு போயிற்று சாவி.
வேறு தாள் எடுக்கப் போனேன்.
"இருக்கட்டும்" என்றாள்.

கடைசியில், தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியை.
பேனாவை வாங்கி ஒரு சொல்லை மட்டும் அடித்தாள்.
ஊழியை நின்றது.

சாம்பியன் ரீஃபில் அவள் அப்பா
குழிக்குள் இறங்குமுன் பித்தளை வில்லையை
ஆணியில் மாட்டுவாராம்.
ஷிஃப்ட் முடிந்தும் ஒரு வில்லை தொங்கினால்
சங்கு ஊதும். ஊரே ஓடும்.
"தங்கத்துக்காக இறக்கினவனுக்கே
ஆளை எண்ணத் தெரிந்திருக்கிறது.
எங்கள் வார்டில் பதினேழாம் பாய்க்காரர்
எத்தனை மணிக்குப் போனார் என்று
விடிந்தபிறகும் சொல்ல ஆளில்லை."

இந்த வாக்கியத்தை அடிப்பதில்
எனக்கு இரண்டு தாள் வீண்.
காசு கேட்கவில்லை.

பதினோரு வருஷம். அறுபத்தோரு கடிதம்.
பதில்கள் சிறியவை:
பரிசீலனையில். நிதியில்லை.
சேவை மனப்பான்மை போதாது.
ஒரு டாக்டர் கேட்டாராம், நர்ஸா, கணக்குப்பிள்ளையா என்று.
காச நோயாளிகள் வார்டுக்குத் தூக்கிப் போட்டார்கள்.
அங்கிருந்தும் கட்டத்தோடு வந்தாள்,
இருமிக்கொண்டு.
அணா போய் நயா பைசா வந்தது.
அவளுக்குக் கண்ணாடி வந்தது.

எல்லாருக்கும் பிடித்தவள் இல்லை.
டியூட்டி மாறும்போது கட்டில் கட்டிலாக நின்று
ஒருத்தி சொல்ல ஒருத்தி கேட்க வேண்டும் என்றதற்கு,
வீட்டில் பால் காய்கிறது, போகவேண்டும் என்று
கூட இருந்தவர்களே முணுமுணுத்தார்கள்.
பாய் எண்ணை மாற்றிச் சொன்ன
பயிற்சிப் பெண்ணை ஒருநாள் அறைந்துவிட்டாள்.
மறுநாள் காலை என்னிடம் வந்து
தன்மேலேயே புகார் அடிக்கச் சொன்னாள்.
நாற்பத்து மூன்றாம் கடிதம் அது.
அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது.

அறுபத்திரண்டில் உத்தரவு.
எட்டு மணி நேரம், மூன்று ஷிஃப்ட்,
கட்டிலருகே ஒப்படைப்பு,
வார்டுக்கு ஒரு நாற்காலி.
உத்தரவில் அவள் பெயர் இல்லை.
படித்துப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து,
"ஓட்டை இல்லாமல் அடித்திருக்கிறார்கள்" என்றாள்.
பிறகு வரவில்லை.
கோலாருக்கே போய்விட்டதாகக் கேள்வி.

ஒவ்வொன்றிலும் மூன்றாம் நகலை
அவளுக்குச் சொல்லாமல் நான் வைத்துக்கொண்டேன்.
எழுத்து மங்கிவிட்டது.
முதல் கடிதத்தில் அந்தத் துளை மட்டும் அப்படியே.

போன மாதம் குடலிறக்கம். அதே ஆஸ்பத்திரி.
ராத்திரி எட்டு மணிக்கு
என் கால்மாட்டில் இரண்டு பெண்கள்.
"முப்பத்தொன்று. தையல் காய்ந்திருக்கிறது.
தண்ணீர் கேட்டால் ஒரு மடக்கு."
"முப்பத்தொன்று" என்றாள் மற்றவள்.
நான் அடித்த கட்டத்துக்குள்
நானே படுத்திருந்தேன்.

மூன்று மணிக்கு மேல் அவள் உட்கார்ந்தாள்.
எழுந்தாள். யாரோ முனகினார்கள்.
திரும்பி வந்து உட்கார்ந்தாள்.
விடிவதற்குள் நாற்காலி ஒன்பது தடவை கிறீச்சிட்டது.
எண்ணிக்கொண்டிருந்தேன்.